ஊருக்குப் போன பிறகு செடிக்குத் தண்ணீர்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குவது

பள்ளிக்கு விடுமுறை விட்டதும் ஊருக்குக் கிளம்புகிறோம். தொட்டிச் செடிகள் ஆண்டிலேயே அதிகமாகத் தண்ணீர் கேட்பதும் அந்தச் சித்திரை, வைகாசி வாரங்களில்தான். சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் தொட்டியும் வளர்ப்புப் பையுமாக நாற்பது இருக்கின்றன. மூன்று கோடைகளில் மூன்று விதமாகக் கோட்டைவிட்டு, நான்காவது ஆண்டில்தான் திரும்பி வந்தபோது எல்லாச் செடிகளையும் உயிரோடு பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதியது இது. உங்கள் மாடியில் எந்த அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். தண்ணீர்த் தொட்டியை ‘டேங்க்’ என்றும் செடி இருப்பதைத் ‘தொட்டி’ என்றும் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் எனக்கே குழம்பிவிடும்.

அக்னி நட்சத்திர நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் தொங்கவிடுவார்கள். அடித்துளை வழியே நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நாம் கடையில் வாங்கிக் குழாய் நுனியில் மாட்டும் டிரிப்பர் என்ற சொட்டுமுனை செய்வதும் அதே வேலைதான். ஆனால் அங்கே பாத்திரத்தில் நீர் குறைந்தால் ஊற்றவும், துளை அடைத்தால் பார்க்கவும் குருக்கள் இருக்கிறார். நம் மாடியில் யாரும் இல்லை. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டைமர், குழாய், டிரிப்பர் எல்லாம் சேர்ந்த அமைப்பை ஓடவிட்டு, அந்த வாரம் முழுவதும் பூவாளியைத் தொடாமல் இருந்து பாருங்கள். கீழே சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஏழு நாட்களுக்குள் தலைகாட்டிவிடும். இரவு ஒன்பது மணி ரயிலுக்கு மாலை ஐந்து மணிக்குக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

கருவிகள் பெரிதாக வேண்டாம். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் நான்கு, ஒரு கடிகாரம், ஒரு தையல் ஊசி போதும்.

டைமர் ‘டிக்’ என்கிறது, தண்ணீர் வரவில்லை

நம் வீடுகளில் அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது இதுதான். கடையில் வாங்கிய பேட்டரி டைமரை டேங்கிலிருந்து வரும் குழாயில் பொருத்துகிறோம். குறித்த நேரத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. திரையில் வால்வு திறந்திருப்பதாகக் காட்டுகிறது. டிரிப்பரில் ஒரு சொட்டுக்கூட இல்லை. டைமர் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனால், கடைக்காரர் அங்கே உள்ள குழாயில் மாட்டிக் காட்டுவார். அருமையாக வேலை செய்யும்.

பழுது டைமரில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. ‘டிக்’ என்று சொல்லும் டைமருக்குள் சோலினாய்டு வால்வு இருக்கிறது. மின்காந்தம் திறப்பது ஊசிமுனை அளவுள்ள ஒரு சிறு துளையை மட்டுமே. அதன் பிறகு பெரிய ரப்பர் தகட்டை உயர்த்தி வழிவிடுவது தண்ணீரின் சொந்த அழுத்தம். அந்த அழுத்தம் இல்லையென்றால் தகடு அசையாது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும்; மீட்டருக்கு 0.1 பார் என்று கணக்கு. மாடிப்படி அறையின் கூரையில் டேங்க், அதே மாடியில் தொட்டிகள் என்றால் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான் கிடைக்கும். அதாவது 0.2 அல்லது 0.3 பார். இது பல சோலினாய்டு டைமர்களுக்குப் போதாது.

சோதிப்பது எளிது. டைமரைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராக இணையுங்கள். இப்போது தண்ணீர் சொட்டினால், அமைப்பு சரி, டைமர்தான் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. வாங்க வேண்டியது பந்து வால்வு உள்ள டைமர். அதில் ஒரு குட்டி மோட்டார் வால்வைத் திருகித் திறப்பதால் அழுத்தமே தேவையில்லை. திறக்கும்போது ‘டிக்’ என்று சொல்லாது. சில விநாடிகள் ‘கிர்ர்ர்’ என்று சுழலும். அட்டைப் பெட்டியில் அழுத்த அளவைப் பாருங்கள்: 0 பாரிலிருந்து தொடங்கினால் நமக்கு ஆகும், 0.5 பாரிலிருந்து தொடங்கினால் டேங்க் தண்ணீருக்கு ஆகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. சில சோலினாய்டு டைமர்கள் குறைந்த அழுத்தத்தில் எப்படியோ திறந்துகொள்ளும், ஆனால் சரியாக மூடாது. இரவெல்லாம் மெல்லச் சொட்டி, காலையில் டேங்கில் பாதி இருக்காது. ‘மூடிவிட்டது’ என்று திரை சொல்லும்போது டிரிப்பரின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். திரையை நம்ப வேண்டாம்.

பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் கிடந்ததைப் பிடுங்கிப் போடாமல் புதிய ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். மறுபடி சார்ஜ் செய்யும் வகை 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் தருவதால், நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகச் சில டைமர்கள் நினைத்துக்கொள்ளும். வால்வு திறந்திருக்கும் நிமிடத்தில் பேட்டரி உயிரைவிட்டால் அது திறந்தபடியே நின்றுவிடவும் கூடும்.

வீட்டில் இருந்தவரை எல்லாம் சரி. பூட்டிவிட்டுப் போன மறுநாளே நின்றுவிட்டது

என் இரண்டாவது கோடை இது. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன், டம்ளரில் அளந்தேன், ஊரில் போய் நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் தக்காளி வைக்கோலாகக் கிடக்கிறது. டேங்க் நிறையத் தண்ணீர், டைமரில் பேட்டரி முழுசு. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கேட் வால்வில் கை வைத்தேன். இறுக்கமாக மூடியிருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். “பத்து நாள் வீட்டில் ஆள் இல்லை. தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டா ஊருக்குப் போவார்கள்?” என்றார். நாற்பது ஆண்டுப் பழக்கம். கேஸ் சிலிண்டரை மூடுவது, மெயின் சுவிட்சை அணைப்பது, டேங்க் வால்வை மூடுவது, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது. அவரைக் குறை சொல்ல முடியாது; நான்தான் சொல்லவில்லை.

ஆகவே வீட்டைப் பூட்டும்போது மூடப்படுபவை, அணைக்கப்படுபவை எல்லாவற்றையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் மின்சாரப் பம்பு ஓடாது. இன்டர்நெட் பெட்டியை அணைத்தால் செல்பேசி வழியாக இயக்கும் டைமர் நீங்கள் சொல்வதைக் கேட்காது. அணைக்கக் கூடாத சுவிட்சின் மீது ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். மூடக் கூடாத வால்வில் சிவப்பு நூல் கட்டுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் போகும் தண்ணீரை மூட வேண்டும் என்றால், தோட்டத்துக்கு டேங்கிலிருந்தே தனி இணைப்பு எடுத்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். அப்பாவும் அவர் விருப்பப்படி மூடிக்கொள்கிறார்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறோம். டேங்கில் தண்ணீர் தானாக வருவதில்லை. யாரோ மோட்டார் போடுகிறார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மோட்டார் போடவும் ஆள் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி பார்த்துக்கொள்வார். தனி வீட்டில் டேங்க் முழுதாக எத்தனை நாள் தாங்கும் என்பதை, வேறு யாரும் தண்ணீர் புழங்காத கணக்கில் பார்க்க வேண்டும். டேங்க் அடியில் சில அங்குலத் தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழேயே நிற்கும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் தொட்டியில் குளம், கடைசித் தொட்டியில் வறட்சி

முதலில் அளந்து பாருங்கள். வரிசையின் தொடக்கத்தில் இரண்டு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நான்கு டிரிப்பர்களின் கீழே டம்ளர்களை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரிப்பரில் மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருந்தால் 200 மில்லி டம்ளர் 3 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். டேங்க் தண்ணீரில் நிரம்பாது. அந்தக் கணக்கு பெரும்பாலும் 1 பார் அழுத்தத்துக்கு உரியது. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் கால் பங்காகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகும். 0.2 பாரில் அந்த 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தரும். டம்ளர் நிரம்ப ஏழு நிமிடம் ஆகும். இது கோளாறு அல்ல. டைமரில் நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். டம்ளருக்கு டம்ளர் நேரம் பெரிதாக வேறுபட்டால்தான் கோளாறு.

வேறுபடுவதற்கு முதல் காரணம் உயரம். 1 பார் அழுத்தம் உள்ள இடத்தில் அரை மீட்டர் ஏற்ற இறக்கம் பொருட்டில்லை. மொத்தமே 1 மீட்டர் உயரத்தை நம்பியிருக்கும் அமைப்பில், அரை மீட்டர் உயர முக்காலியில் இருக்கும் ரோஜா பாதி அழுத்தத்தை இழந்துவிடும். எல்லா டிரிப்பர் முனைகளையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் உயரத்தில் இருப்பவற்றுக்கு இரண்டு டிரிப்பர் கொடுங்கள்.

இரண்டாவது காரணம் குழாயின் நீளம். நீளமெல்லாம் 4 மி.மீ. குழலிலேயே இழுத்திருந்தால் கடைசிச் செடிக்கு எதுவும் மிஞ்சாது. முதுகெலும்பாக 16 மி.மீ. குழாயை ஓட்டி, அதிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு முழத்துக்கு மிகாமல் 4 மி.மீ. குழல் எடுங்கள். தண்ணீரை வரிசையின் ஒரு கோடியில் கொடுக்காமல் நடுவில் கொடுத்தாலோ, 16 மி.மீ. குழாயை வளையமாகச் சுற்றி இரு முனைகளையும் இணைத்துவிட்டாலோ ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்துவிடும்.

அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் டிரிப்பர் என்று விலை கூடுதலாக ஒரு வகை விற்கிறார்கள். வயலுக்கு நல்லது. அதற்குள்ளே இருக்கும் ரப்பர் வில்லை வேலை செய்யக் குறைந்தது 0.5 பாராவது வேண்டும். டேங்க் தண்ணீருக்கு வாங்க வேண்டாம். தலையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகைதான் நமக்குத் தோது. திருகிய பிறகு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்.

பம்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை

டேங்க் இணைப்பு இல்லாதவர்கள் வாளியில் சிறு பம்பைப் போட்டு டைமரோடு இணைப்பார்கள். வாடகை வீட்டு பால்கனிக்கு அதுவே சௌகரியம். நானும் முதல் கோடையில் அப்படித்தான் தொடங்கினேன். இருபது லிட்டர் வாளியைக் கைப்பிடிச் சுவரின் திண்டில் வைத்தேன், தொட்டிகள் தரையில். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாளியில் கால் பங்குதான் இருந்தது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது, பிளக்கையே பிடுங்கினேன். அப்போதும் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாய் விட்டு, வாயால் ஒரு முறை உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக இறங்குமே, அதேதான். இதைத்தான் சைபன் என்பார்கள். வாளியின் நீர்மட்டம் டிரிப்பர் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்பு ஒரு முறை குழாயை நிரப்பிக் கொடுத்ததும் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வாளி காலியாகும் வரை நிற்காது. அதற்குப் பிறகு எட்டு நாளும் பம்பு வெறும் வாளியில் ஓடிச் சூடேறிக் கருகும்.

வாளியைத் தரையில் வைத்துத் தொட்டிகளைச் செங்கல் மீதோ மேடையிலோ ஏற்றுங்கள். டிரிப்பர் முனைகள் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும். ஏற்ற வழியில்லை என்றால், பம்பிலிருந்து எழும் குழாய் வாளியின் விளிம்பைத் தாண்டும் இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே ஆனால் வாளிக்கு உள்ளேயே, 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். பம்பு ஓடும்போது அந்தத் துளையில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி வாளிக்குள்ளேயே விழும். பம்பு நின்றதும் அதன் வழியே காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும். காசு செலவில்லாத தீர்வு.

பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை

பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். மூழ்கு பம்பைத் தண்ணீருக்குள் சாய்த்து ஆட்டுங்கள். குமிழ்கள் வெளியேறியதும் ஏறும். ஏறாவிட்டால் அடிப்பக்க மூடியைக் கழற்றிச் சுழலியில் முடியோ நாரோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். பம்பை வாளியின் அடியில் நேராக வைக்காமல் ஒரு சிறு ஓட்டுத் துண்டின் மீது வைத்தால் வண்டலை உறிஞ்சாது.

சில டிரிப்பர்கள் மட்டும் சொட்டவில்லை

டிரிப்பரைக் கழற்றுங்கள். குழலில் தண்ணீர் வருகிறது என்றால் அடைப்பு டிரிப்பரில். வரவில்லை என்றால் குழலில் மடிப்போ, செருகிய இடத்தில் அடைப்போ இருக்கும். 16 மி.மீ. குழாயில் துளை போடும்போது வெட்டுப்படும் பிளாஸ்டிக் பொட்டு உள்ளேயே விழுந்து, ஒரு வாரம் கழித்து எங்காவது போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. துளை போட்டு முடித்ததும் குழாயின் கடைக் கோடியைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை ஓடவிடுவது அதற்காகத்தான்.

டிரிப்பரின் வாயில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரின் வேலை. வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் ஊசியால் குத்தி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும், நேரம் கூட எடுக்கும். பச்சையாக வழவழவென்று இருந்தால் பாசி. வெளிச்சம் படும் வெள்ளை வாளியும், ஒளி ஊடுருவும் வெளிர் குழலும்தான் பாசிக்குப் பண்ணை. கறுப்புக் குழாய்க்கு மாறுங்கள். வாளியைக் கறுப்புத் துணியாலோ சாக்காலோ போர்த்துங்கள்.

வடிகட்டி இல்லாமல் டேங்க் தண்ணீரை விடாதீர்கள். கிளம்பும் நாள் காலையில் அதைக் கழற்றிக் கழுவிவிட்டுப் போங்கள். குறைந்த அழுத்தத்தில் வடிகட்டி பாதி அடைத்தாலே தண்ணீர் நின்றுவிடும்.

காலை ஆறு மணிக்கு வைத்தது, நடுப்பகலில் வருகிறது

சுற்று வட்டத்தில் பல்பல்லாக நேரம் குறிக்கும் பிளக் டைமர் மின்சாரத்தால்தான் சுழல்கிறது. மூன்று மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டால் அதன் கடிகாரமும் மூன்று மணி நேரம் நின்று, அன்றிலிருந்து எல்லாம் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். இரண்டு மூன்று வெட்டுகள் சேர்ந்தால் உச்சி வெயிலில்தான் தண்ணீர் பாயும். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். குளிக்க வெந்நீர் வேண்டாம். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு மாறுவதே வழி. அதிலும் காலை, மாலை மாற்றிக் குறித்துவிடுவது சகஜம். இருபத்து நான்கு மணிக் கணக்கில் 5.30 என்று வைத்தால் குழப்பம் இல்லை.

அடியில் தண்ணீர் வழிகிறது, செடி வாடுகிறது

ஒரே குறிக்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. மாற்றிப் புரிந்துகொண்டால் செடியைக் கொன்றுவிடுவோம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் இறக்குங்கள்.

உள்ளே காய்ந்திருந்தால்: தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த மண் ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டியின் சுவரிலிருந்து விலகி நிற்கும். மேலே சொட்டும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேராக அடித்துளைக்கு ஓடிவிடும். வேர் இருக்கும் கட்டி தொடப்படாமலே கிடக்கும். பார்ப்பவருக்குத் தண்ணீர் தாராளமாகப் போவதுபோல் தெரியும். தொட்டியோடு தூக்கி ஒரு அகலப் பாத்திரத் தண்ணீரில், குமிழ் நிற்கும் வரை, அரை மணி நேரம் வையுங்கள். பெரிய தொட்டி என்றால் மேல்மண்ணைக் கிளறி, ஓரத்தை அழுத்தி மூடி, கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து முறை ஊற்றுங்கள். டைமரிலும் ஒரே மூச்சில் இருபது நிமிடம் விடுவதைவிடக் காலையில் பத்து, மாலையில் பத்து என்று பிரிப்பது இத்தகைய மண்ணுக்கு நல்லது. டிரிப்பர் முனை தொட்டியின் ஓரத்தில் அல்ல, தண்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

உள்ளே சேறாக இருந்து, மோந்து பார்த்தால் ஊசிப்போன வாடை அடித்தால்: வேர் அழுகத் தொடங்கிவிட்டது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை தாகத்தில் வாடுவதுபோலவே வாடும். டிரிப்பரைப் பிடுங்கிவிடுங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்துங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டி, செடியை நிழலுக்கு நகர்த்துங்கள். கற்றாழை, அடீனியம் போன்றவற்றைச் சொட்டுநீர் வரிசையில் சேர்க்கவே வேண்டாம். இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் அவை அலட்டிக்கொள்ளாது.

நடுப்பகலில் மட்டும் தலைதொங்கி மாலையில் நிமிர்ந்துவிடும் செம்பருத்தியும் கத்தரியும் நோயாளிகள் அல்ல. அதைப் பார்த்து டைமர் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

வாளித் தண்ணீர் பாதி நாளிலேயே தீர்ந்துவிட்டது

சைபன் இல்லை, கசிவு இல்லை என்றால் கணக்குத்தான் தப்பு. இருபது தொட்டி, நாளுக்கு அரை லிட்டர், எட்டு நாள் என்றால் 80 லிட்டர். இருபது லிட்டர் வாளி இரண்டே நாளைக்கு. சிறு தொட்டிக்கு அரை லிட்டர் போதும். வெயிலில் நிற்கும் பெரிய பையில் காய்க்கும் தக்காளி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் குடிக்கும். ஒத்திகை வாரத்தில் ஒவ்வொரு மாலையும் வாளியில் எவ்வளவு குறைந்தது என்று கரிக்கோடு போட்டுப் பாருங்கள்.

200 லிட்டர் டிரம் வாங்கலாம். நிரம்பினால் அது 200 கிலோ என்பதை நினைவில் வைத்து, மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோ உத்தரமோ கீழே தாங்கும் இடத்தில் வையுங்கள். அதைவிட மலிவு, தேவையைக் குறைப்பது. தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி, பிற்பகல் வெயில் படாத பக்கம் கூட்டமாக நிறுத்துங்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் மட்டைத் துண்டுகளையோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். இவற்றைச் செய்த கோடையில் டைமர் நேரத்தில் கால் பங்கைக் குறைத்தும் செடிகள் வாடவில்லை.

திரி, பாட்டில், மண்பானை

மூன்று நான்கு நாளைக்கு டைமரும் குழாயும் எதற்கு என்பவர்களுக்கு இவை. எனக்கும் சிறு பயணங்களுக்கு இவைதான் பிடிக்கும்.

திரி தண்ணீரை இழுக்கவில்லை என்றால் பருத்தித் துணிக்கு மாறுங்கள். பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கினால் அதைவிட நல்ல திரி கடையில் கிடைக்காது. கஞ்சி போக அலசி, முழுதும் நனைத்த பிறகே பொருத்த வேண்டும். காய்ந்த திரி தானாகத் தொடங்க நேரம் பிடிக்கும். ஒரு முனை வாளியின் அடியைத் தொட வேண்டும். மறுமுனை மண்ணுக்குள் மூன்று அங்குலமாவது புதைய வேண்டும். நீர்மட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் ஏற்றம் இருந்தால் கடும் வெயிலில் ஈடுகொடுக்காது. வாளியை மிக உயரத்தில் வைத்தாலோ திரியும் சைபன்போல இறைத்துத் தள்ளிவிடும்.

மூடியில் துளையிட்டுக் கவிழ்த்த பாட்டில் ஒரு மணி நேரத்தில் காலியானால், மண் மிகவும் பொலபொலப்பாக இருக்கிறது அல்லது துளை பெரிது. மண்ணை முதலில் நன்றாக நனைத்துவிட்டுப் பிறகு பாட்டிலைக் குத்துங்கள். ஈரமண் துளையை அடைத்துப் பிடித்துக்கொள்ளும். காலியாகவே இல்லை என்றால் துளையைச் சேறு முழுதாக அடைத்திருக்கும். மூடிக்குள் ஒரு துண்டு துணியை வையுங்கள்.

மண்பானை புதைக்கும் முறையில் வரும் ஒரே சிக்கல், பானை கசியாதது. வண்ணம் பூசியதும் மெருகேற்றியதும் கசியாது. கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீரை வெளிப்புறத்தில் விட்டுப் பாருங்கள்; உடனே உறிஞ்சினால் வாங்கலாம். செடிக்குப் பக்கத்தில் வாய்வரை புதைத்து, தண்ணீர் நிரப்பித் தட்டால் மூடி வையுங்கள்.

குழல் கழன்றோ கிழிந்தோ கிடக்கிறது

செருகிய இடத்தில் கழன்றிருந்தால் குழலின் நுனியை வெந்நீரில் அரை நிமிடம் நனைத்து, இளகிய நிலையில் அழுத்திச் செருகுங்கள். ஆறியதும் கவ்விக்கொள்ளும். பிரஷர் பம்பு உள்ள வீட்டில் அந்த இணைப்பில் சொட்டுநீர்க் குழாயை நேராக மாட்டினால், இன்று இல்லாவிட்டால் நாளை பிய்த்துக்கொண்டு போகும்.

பல் தடம் இருந்தால் அணில். கோடையில் அதற்கும் தாகம். குழலுக்குள் தண்ணீர் ஓடுவது அதற்குத் தெரியும். ஒரு ஓரத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்கள் மாடியில் கடிப்பது குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. டிரிப்பர் குச்சிகளைக் காகம் பிடுங்கிப் போடும். கம்பியை வளைத்து மண்ணில் குத்தி நிறுத்துங்கள்.

திரும்பி வந்தால் வாளி நிறையக் கொசுப் புழு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்; உங்கள் விடுமுறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாளி, டிரம் எல்லாவற்றையும் மெல்லிய துணியால் மூடி, விளிம்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டிகளின் கீழே உள்ள தட்டுகளைக் கிளம்பும் நாளில் எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். அணிலுக்கு வைத்த சட்டியையும்தான். அதைத் தினமும் மாற்ற ஆள் இல்லாத நாட்களில் அது வேண்டாம்.

எல்லாம் செய்தும் செடி காய்ந்துவிட்டது

உடனே பிடுங்காதீர்கள். கறிவேப்பிலை, செம்பருத்தி, மல்லிகை, ரோஜா இவற்றின் தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, ஒரு முறை முழுதாக நனைத்து, அதன் பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பரிதாபப்பட்டு உரம் போட வேண்டாம்; நொந்த வேர் அதைத் தாங்காது. தளிர் இரண்டு இலை விட்ட பிறகு மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடலாம்.